மத்த மூணும் பாத்துக்கும்

கறுப்பு டேப்பை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தான் தம்பி. நடுக்கூடத்தில் அண்ணன் குளிர்பெட்டிக்குள் படுத்திருந்தார். வீட்டின் முன்னறைதான் அவருடைய வீடியோ ஸ்டுடியோ. அங்கிருந்த டிஸ்க் பெட்டி காலையிலிருந்து கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது.

"அத நிறுத்துப்பா, மனசு விட்டு அழக்கூட முடியல," என்று மாமா சொல்லி அனுப்பியிருந்தார்.

டிஸ்க் பெட்டியின் முகப்பில், டேப்புக்கு அடியில் ஒரு சிவப்பு விளக்கு. கல்யாண வீடியோ வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்து மிரள்கிறார்கள் என்று அண்ணன்தான் ஒட்டியிருந்தார். உள்ளே நாலு ஹார்ட் டிஸ்க், எடுத்த வீடியோவெல்லாம் அவற்றில்தான். ஒன்று செத்து மாதக்கணக்காகிறது. "ஒண்ணு போனா என்னடா, மத்த மூணும் பாத்துக்கும். அதுக்குத்தான நாலு?" என்பார். இதயக் குழாயில் ஒன்று அடைத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னபோதும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். டாக்டர் வாயில் ஒட்டத்தான் டேப் இல்லை.

இப்போது பக்கத்து விளக்கும் ஆரஞ்சாகச் சிமிட்டியது.

இழுப்பறையில் புது டிஸ்க் ஒன்று உறை பிரிக்காமல் கிடந்தது. எடுத்துச் செத்ததன் இடத்தில் செருகப் போனான்.

"கைய எடு," என்றார் வாசலில் நின்ற டிஸ்க் டாக்டர். அண்ணன் வைத்த பெயர் அது; கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரர், அண்ணனின் சிநேகிதர். துக்கத்துக்கு வந்த இடத்திலும் காது தொழிலில்தான் இருந்தது. "இப்பச் செருகினா, செத்ததுல இருந்தத மறுபடி உண்டாக்க மத்த மூணையும் ஒரு மூலை விடாம படிக்கும். நாலும் ஒரே நாள்ல ஒரே கடையில வாங்கினது. தேய்மானமும் ஒண்ணாத்தான் இருக்கும். இந்த ஆரஞ்சு தாங்காது. ஒண்ணு போனாத்தான் சமாளிக்கும், அதுவும் போச்சுன்னா மொத்தமும் போச்சு. வேற காப்பி வெச்சிருக்காரா?"

தம்பி அந்தப் பெட்டியையே காட்டினான். இந்தக் கேள்விக்கு அண்ணன் நாலு விரலைக் காட்டுவார்.

"சரி, வேண்டியத மட்டும் வெளி டிஸ்க்குக்கு இழு. எல்லாம் வராது. எது மொதல்ல?"

போன வாரம் கல்யாணமான மணப்பெண்ணின் அப்பா, கையில் மலர்வளையத்தோடு எட்டிப்பார்த்தார். "தங்கமான மனுஷன்," என்றார். பிறகு டிஸ்க் பெட்டியைப் பார்த்தார். "நம்ம வீட்டு வீடியோ பத்திரமாத்தான இருக்கு? இப்பக் கேக்கக் கூடாதுதான்."

"கேட்டுட்டீங்களே," என்றார் டிஸ்க் டாக்டர்.

மணப்பெண்ணின் அப்பாவுக்குப் பின்னால் அண்ணி வந்து நின்றார். "அவரு குரல் இதுல எங்கயாவது இருக்குமா?"

கல்யாணம் கல்யாணமாக எடுத்தவரை, கூடவே லைட் பிடித்த தம்பி உட்பட, யாரும் எடுத்ததில்லை. கேமராவுக்குப் பின்னால் அவர் பேசியதையெல்லாம் அவரே வெட்டியெறிந்து, பாட்டைப் போட்டுத்தான் கொடுப்பார். கொடுத்ததும் வெட்டாத மூலத்தை அழித்துவிடுவார், இடம் வேண்டுமென்று.

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி. போன வாரக் கல்யாணத்த இன்னும் வெட்டல."

திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது. கூடத்தில் யாரோ நேரமாகிறது என்றார்கள். கோடு பாதியைத் தாண்டியதும் பெட்டிக்குள் எதுவோ அரைபட்டது. ஆரஞ்சு சிவப்பானது. டிஸ்க் டாக்டர் பிளக்கைப் பிடுங்கினார். கீச்சொலி நின்றது.

கூடத்தில் மாமா அழத் தொடங்கினார்.

"மோதிரம் மாத்துறது வந்துடுச்சா?" என்றார் மணப்பெண்ணின் அப்பா.

"வந்துடுச்சு. சாப்பாடுதான் போச்சு," என்றான் தம்பி.

"சாப்பாடு சுமார்தான்," என்று சொல்லிவிட்டு அவர் மலர்வளையத்தோடு உள்ளே போனார்.

கடைசியாக வந்து சேர்ந்த துண்டைத் தம்பி ஓடவிட்டான். குடும்பப் படத்துக்காக மேடையில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். படத்துக்கு வெளியே ஓர் இருமல். பிறகு அண்ணன்.

"லைட்டத் தூக்குடா. இன்னும். கை வலிக்குதா? வலிக்கட்டும். இன்னும் கொஞ்சம்."

அவ்வளவுதான்.

அண்ணி திரையைப் பார்க்கவில்லை. தம்பியின் வலது கையைப் பார்த்தார். அது தோளுக்கு மேலே உயர்ந்து, எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தது.