சரீர உத்தானம்

...வந்து போய்விட்டதாம், செத்தவர்களெல்லாம் எழுந்து கணக்குச் சொல்லும் பொதுத்தீர்வை நாள் வந்து நூறு வருஷம் ஆகிவிட்டதாம், இவ்வளவு பெரிய விஷயம் தங்கச்சிமடத்தில் ஒரு நாய்க்குக்கூடத் தெரியவில்லையாம், மதுரை மில்லுக்குப் போன கொழுந்தன் கில்பர்ட்டுக்கு மட்டும் தெரிந்துவிட்டதாம்! லீமாரோஸ் சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள். நாளைக்குக் கல்லறைத் திருநாள், சாமியார் வந்து மந்திரிப்பதற்குள் புருஷன் சவேரியாரின் கல்லறைக்கு வெள்ளையடித்தாக வேண்டும், ஊரே அடித்துக்கொண்டிருக்கிறது, உதவிக்கு வந்தவன் வெள்ளையடிக்கிற மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது... "கல்லறை தொறக்கும்னா இந்தக் குழி இல்ல மதினி. மனுசன் அறியாமையில கெடக்கான்ல, அதுதான் கல்லறை. கடவுளோட புது வார்த்தையக் கேட்டு ஆத்துமா முழிக்குதுல, அதுதான் உத்தானம்." பஹாய் என்று ஒரு வேதமாம், பாரசீகத்தில் பஹாவுல்லா என்று ஒருவர் வந்தாராம், ஏசு திரும்பி வருவேன் என்று சொன்னதன் அர்த்தமே அதுதானாம், இவன் அதில் சேர்ந்துவிட்டானாம். அடப்பாவி, ஞானஸ்நானத் தண்ணீர் விழுந்த நெற்றி அல்லவா இது?

விசுவாசப் பிரமாணத்தில் சரீர உத்தானம், செத்தவர்கள் உடம்போடு எழுவார்கள் என்று தினமும் சொல்கிற வாய் அவளுடையது. சரீரம் என்றால் சரீரம்தான்... கையும் காலும் எலும்பும். அதை அவள் அளவுக்கு நம்பியவர்கள் இந்த ஊரில் உண்டா? நம்பியதால்தானே எட்டு வருஷமாக இந்தப் பயம். சவேரியார் மீன்பிடிக்கப் போன வள்ளம் கவிழ்ந்து ஒன்பதாம் நாள், மாரியூர்க் கரையில் ஒரு உடல் ஒதுங்கியிருக்கிறது, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிறு கிடக்கிறது, உங்கள் ஆள்தானா வந்து பாருங்கள் என்று சேதி வந்தது. போனாள். முகம் இல்லை, மீன் தின்றிருந்தது. காலைப் பார்த்தாள். பத்து விரலும் இருந்தன. சவேரியாருக்கு இடது காலில் சுண்டுவிரல் கிடையாது, திருக்கை முள் குத்திச் சீழ் பிடித்து எடுத்த விரல், புண்ணுக்குக் கட்டுப்போட்டவளே அவள்தானே? இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த அநாதையை அங்கேயே மணலில் புதைத்திருப்பார்கள், அவளும் வெறுங்கையோடு திரும்பிவந்து பிள்ளைகளோடு மறுபடி கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், பூசை இல்லை, குழி இல்லை, விழுந்து அழ ஒரு இடம் இல்லை... "இவுகதான்" என்றாள். எவள் புருஷனோ, எவள் பெற்ற பிள்ளையோ, சவேரியார் பேர் எழுதின சிலுவைக்குக் கீழே எட்டு வருஷமாகப் படுத்திருக்கிறான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூட அவள் அதைச் சொன்னதில்லை.

தீர்வை நாளில் எக்காளம் ஊதினதும் இவன் எழுந்து உட்காருவான். இது யார் பேர் என்று கேட்பான். என்னைத் தேடி அலைந்த என் தாய்க்கு என்ன பதில் என்று கேட்பான். கடலுக்குள்ளிருந்து சவேரியார் ஈரத்தோடு ஏறிவந்து என் குழி எங்கே என்று கேட்பார். இருவருக்கும் நடுவில் அவள் என்ன சொல்லி நிற்பாள்? இதையே நினைத்து நினைத்துக் குலை நடுங்கியவளிடம் வந்து, அப்படி ஒன்றும் நடக்காது என்கிறானே இந்தக் கில்பர்ட், இன்றைக்கு பஸ் வராது என்று சொல்கிற மாதிரி!

"என்ன மதினி, மொகமெல்லாம் வெளுத்துருச்சு? நான் சொன்னது சங்கடமாயிருச்சா?"

"கில்பர்ட்டு, இன்னொருக்காச் சொல்லு. இந்தக் குழிக்குள்ளருந்து ஆரும் எந்திரிக்க மாட்டாகளா?"

"உடம்போட ஆரும் எந்திரிக்க மாட்டாக மதினி. ஆத்துமாதான்."

அப்பாடா என்று இருந்தது. எட்டு வருஷமாக நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது சட்டென்று இறங்கிவிட்டது, வாய்விட்டுச் சிரித்துவிடுவாள் போலிருந்தது... அவன் கையிலிருந்த மட்டையை வாங்கிச் சுண்ணாம்பில் முக்கினாள், சிலுவையில் ஒரு இழுப்பு இழுத்தாள், இன்னொரு இழுப்பு. அப்புறம்தான் உறைத்தது. அப்படியானால் கடலிலிருந்தும் யாரும் வரமாட்டார்கள். சவேரியார் வரமாட்டார். அதைக் கேட்டுத்தானா, மாதாவே, அவள் சந்தோஷப்பட்டாள்?