பெயர் மாற்றிய மகராசன்

யென் டிங்-வெய்க்கு ஒழுங்கு என்றால் உயிர். மேசைமேல் பேனா கோணலாகக் கிடந்தால் அவனுக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவனைத்தான் எங்கள் திட்டத்துக்குத் தலைவனாக்கி வைத்திருந்தோம். மீன்குளங்களில் பிராணவாயு குறைந்தால் தண்ணீரைக் கலக்கிக் காற்றேற்றும் சக்கரங்களைத் தானாக ஓடவிடும் மென்பொருள் அது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தி அனுப்பலாம். அதை ஏற்பதா தள்ளுவதா என்பது மட்டும் தைபேயில் உட்கார்ந்திருக்கும் இந்தத் துரையின் கையில்.

சக்கரத்தை ஓட்டும் சின்ன நிரலுக்கு 'சக்கரம்' என்றே பெயர். ஐயாவுக்கு அது பட்டிக்காட்டுத்தனமாகப் பட்டது. 'காற்றோட்ட மேலாண்மை' என்று மாற்றினார். பழைய பெயரிலும் ஒரு கோப்பைக் கொஞ்ச காலம் விட்டுவைத்தார். அது வேலையைப் புதியதிடம் தள்ளிவிட்டு, 'இந்தப் பெயர் போகப்போகிறது' என்று திரையில் எழுதும். போன வாரம் அதையும் அழித்தார். குளக்கரைகளில் இந்த மென்பொருளை ஓட்டும் சின்னப் பெட்டிகள் புதுப் பதிப்பைத் தாமாகவே இறக்கிக்கொண்டன. அவை பழைய பெயரைக் கூப்பிட்டபோது பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை.

தைனானை ஒட்டிய சிகு கிராமத்தில் ஸியூ-பி அக்காவின் பெரிய குளம் அப்படித்தான் போயிற்று. விடிந்து பார்த்தால் பால்கெண்டைகள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கின்றன. பெட்டியை வைக்கச் சொல்லி அவளை நச்சரித்தவன் நான். இனி அவளுக்கு மிச்சம் ஒரு சின்னக் குளம். அவள் பெட்டியை நானே சரிசெய்துவிடலாம். ஆனால் கடற்கரை நெடுக யார் யாரோ மாட்டிவிட்டுப் போன பெட்டிகளை? ராத்திரியில்தான் குளத்தில் பிராணவாயு குறையும். இருட்டுவதற்குள் பழைய பெயர் திரும்பி வந்தாக வேண்டும்.

திட்டப் பக்கத்தில் புகார் எழுதினேன். 'முறையாக அறிவித்திருந்தோம்' என்று டிங்-வெய்யிடமிருந்து ஒரு வரி, பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம். புகாரை மூடிவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று துரை தைனானில்தான் இருந்தார், ஒரு மாநாட்டில், பழைய நிரல்களை மரியாதையாக வழியனுப்புவது எப்படி என்று பேச. மேடையிலிருந்து இறங்கியவனை ஸ்கூட்டரில் ஏற்றிக் குளக்கரைக்குக் கொண்டுவந்தேன். செத்த மீன் குவியலைச் சுற்றிக்கொண்டு, செருப்பில் சேறு படாமல் நடந்தான்.

"ரெண்டு வருஷமா எச்சரிக்கை கொடுத்தோம்ணே. படிக்காதவங்களுக்கு நான் என்ன பண்றது?"

"படிக்க அந்தப் பெட்டில திரை எங்கடா இருக்கு?"

"அது மாட்டினவங்க பாடு."

அக்கா இஞ்சி போட்ட மீன் கஞ்சியை அவன் முன்னால் வைத்தாள். உறிஞ்சிக் குடித்தான்.

"மீன் நல்ல ஃப்ரெஷ்ஷா இருக்குக்கா."

"இருக்காதா தம்பி? காலைலதானே நீ கொன்னே. இன்னும் ரெண்டு துண்டு போடவா?"

கரண்டியைக் கீழே வைத்தான். மடிக்கணினியைத் திறந்து, பழைய பெயரைத் திரும்பச் சேர்த்து வெளியிட்டான். அப்பாடா என்றிருந்தது. பிறகுதான் கவனித்தேன், அந்தக் கோப்பில் அவன் இன்னொரு வரியும் எழுதியிருந்தான்.

"என்ன எழுதிருக்கான்?" என்றாள் அக்கா.

"இந்தப் பேரை அடுத்த வருஷம் எடுத்துருவோம், ஜாக்கிரதைன்னு."

"அது எங்க வரும்?"

"திரையிலக்கா," என்றான், குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக.

அக்கா எழுந்துபோய்ப் பெட்டியைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். முன்னால் பார்த்தாள், பின்னால் பார்த்தாள், அடியில் பார்த்தாள். ஒரு பச்சை விளக்கைத் தவிர ஒன்றும் இல்லை. ஒயரைப் பிடுங்கிப் பெட்டியை அவன் மடியில் வைத்தாள்.

"நீயே வெச்சுக்க தம்பி. சின்னக் குளத்த நான் முழிச்சிருந்து பாத்துக்கறேன்."

டிங்-வெய் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, தொங்கிக்கொண்டிருந்த ஒயரை அழகாகச் சுற்றி முடிச்சுப் போட்டான்.