உடம்புச் சூட்டுக்கு ஒரு திருத்தம்

1

கல்கத்தா பவானிப்பூரில் ஒரு பழைய பெட்டியில் கிடைத்த குறிப்பேட்டிலிருந்து இந்தக் கதை வந்தது என்று முதலில் எழுதியிருந்தேன். பொய். பெட்டியும் இல்லை, குறிப்பேடும் இல்லை. ஓர் ஒளியியல் புத்தகத்தில் இருந்த எச்சரிக்கைதான் மூலம்: கருவிக்கு அருகே ஆள் நிற்கக் கூடாது, உடம்புச் சூட்டில் வளையங்கள் நகர்ந்துவிடும். படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். ஏன் என்பதை நாலாவது பகுதியில் சொல்கிறேன், தைரியம் இருந்தால்.

2

1911, கல்கத்தா. தந்தி இலாகாவில் வேலை பார்க்கும் திருவேங்கடம் (பெயரை மூன்று தடவை மாற்றினேன்) வீட்டு முன்னறையில் வெள்ளி பூசிய இரண்டு கண்ணாடித் தகடுகளை எதிரெதிரே நிறுத்தியிருக்கிறான். உள்ளே நுழைந்த ஒளி இரண்டுக்கும் நடுவில் திரும்பத் திரும்ப மோதி, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வெளியே கசிகிறது. கசிந்ததெல்லாம் ஒன்றுசேர்ந்து மயிரிழை போன்ற மஞ்சள் வளையங்களாகத் தெரிகிறது. அறைக் கோடியில் ஸ்பிரிட் விளக்கில் சமையல் உப்பைப் போட்டு அந்த மஞ்சளை உண்டாக்குகிறவள் அவன் மனைவி ஜெயலக்ஷ்மி. வளையங்களை அளந்து முடித்தால் அவனுடைய ஆராய்ச்சிக் கட்டுரை அடுத்த கப்பலில் லண்டனுக்குப் போகும்.

3

அன்று காலை உப்பைப் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள். வளையங்கள் நகர்ந்தன.

"சித்த தள்ளி நில்லு. உன் உடம்புச் சூடு வளையத்தை நகத்தறது."

"நேத்திக்கும் இங்கதானே நின்னேன்னா. அப்போ நகரலையே."

"இன்னிக்கு நகர்றதே. தள்ளி நில்லு."

தள்ளிப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அவன் எழுதினான்: உடம்புச் சூட்டுக்குத் திருத்தம், கால்பங்கு வளையம்.

(இரண்டு டிகிரி ஜுரம் வளையத்தைக் கால்பங்கு நகர்த்துமா என்று இயற்பியல் தெரிந்தவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். அவளுக்கு ஜுரம் என்று அவனுக்கு முன்பே கண்ணாடிக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அது போதும்.)

அவன் சட்டென்று எழுந்து அவள் நெற்றியில்

இல்லை. அவனுக்கு அது வராது.

வேறு முடிவு: டைபாய்டு, பதினெட்டாம் நாள் அவள் போய்விடுகிறாள், கட்டுரை கப்பலேறுகிறது. எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன்.

4

அதே கல்கத்தாவில், லேக் மார்க்கெட் வீட்டில், நாலு வருஷம் முன்னால், என் மனைவி சாவித்ரி நான் எழுதிக்கொண்டிருந்த மேஜைக்கு அருகில் வந்து நின்றாள்.

"நெஞ்சு என்னமோ பண்றதுன்னா."

"ஒரு பாரா முடிச்சுட்டு வரேன்."

முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். அடுத்த அறையில் அவளுக்கு உயிர் இல்லை. நல்ல பாரா அது. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஆகவே திருவேங்கடத்தை நாற்காலியிலிருந்து எழுப்ப எனக்குத் தெரியவில்லை. வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போனவர் உங்களில் யாராவது இருந்தால் அடுத்த வரியை எழுதுங்கள். அவன் கண் வளையங்களில் இருக்கிறது. அவள் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.