டெமியோவின் டிக்கியில் இரண்டு சென்டிமீட்டர்

சத்தத்தை அளக்கும் மீட்டரில் 133.1 டெசிபல் என்று விழுந்ததும் கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். பாராட்டு விசில் இல்லை.

கலோலைனே எண்ணை இன்னொரு முறை பார்த்தாள். அது மாறுவதாக இல்லை. அவளுக்கு வேண்டியது 137.4-க்கு மேல்.

அந்த 137.4 ஹெனரேயின் எண். போன மாதம் இதே டெமியோ காரில், இதே பன்னிரண்டு இஞ்ச் வூஃபரை, இதே ஆம்ப்ளிஃபயரை வைத்து அவன் செய்த ஸ்பீக்கர் பெட்டி எடுத்த எண். மாங்கெரேயில் பத்து வருஷமாக யார் காரில் பாட்டு அதிர்ந்தாலும் பெட்டி ஹெனரேயுடையதாகத்தான் இருக்கும். அவர்களுடைய கார் ஒலிப் போட்டிக் குழுவின் தலைவன் பெனி ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தான். "அவன் எண்ணைத் தாண்டிக் காட்டு. ஹாமில்டன் போட்டிக்குப் போற நாலு காருக்கும் நீதான் பெட்டி செய்யறே. தாண்டலைன்னா இனிமே இந்தப் பேச்சே வேண்டாம்."

இன்றைக்கு ஒவ்வொரு காருக்கும் இரண்டு முறை. ஒன்று முடிந்துவிட்டது. இரண்டாவது, இரண்டு மணிக்குள். இப்போது ஒன்றேகால்.

ஹெனரே கையில் சாசேஜை வைத்துச் சுற்றிய ரொட்டியோடு வந்து டிக்கிக்குள் எட்டிப் பார்த்தான். "தங்கச்சி, சும்மா சொல்லக்கூடாது, அலமாரி அம்சமா இருக்கு. தட்டு எங்கே அடுக்குவே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வழக்கமாக இதைவிட மோசமாகப் பேசுகிற வாய்கள்தான். பக்கத்திலேயே அவளுடைய அண்ணன் சொசாயா நின்றதால் அடக்கி வாசித்தார்கள். தோங்கா தீவுக்காரர் வீட்டு அண்ணன் தங்கையை ஒன்றாக வைத்துக்கொண்டு கண்டபடி பேச அங்கே எவனும் துணிய மாட்டான்.

"அதுல ரொட்டித் துணுக்கை சிந்தாதே. அப்புறம் எறும்பு வரும். உன் பெட்டின்னு நினைச்சுக் குடியேறிடும்" என்றாள் கலோலைனே. இந்தத் தடவை சிரிப்பு ஹெனரே பக்கம் திரும்பியது.

அலமாரி என்று அவன் சொன்னதில் தப்பில்லை. அவள் வேலையே சமையலறை அலமாரி செய்வதுதான். தொழிற்சாலையில் ஆறு வருஷம். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒரு நகம் நுழைந்தால்கூடத் திரும்பக் கழற்றச் சொல்லும் மேஸ்திரியிடம் தொழில் பழகியவள். அதே கண்ணோடுதான் இந்தப் பெட்டியையும் வரைந்தாள். பின் சீட்டின் சாய்வுக்கு ஏற்ற சாய்வு, சக்கர மேட்டுக்கு ஏற்ற வளைவு. உள்ளே ஐம்பது லிட்டர் காற்று. பக்கவாட்டில் ஐந்து சென்டிமீட்டர் அகலத்தில் எல் எழுத்துப் போல மடங்கிப் பெட்டியின் முகப்பில் வெளியே வருகிற காற்று வழி. வூஃபர் உள்பக்கம் தள்ளுகிற காற்று அந்த வழியாகத்தான் வெளியேறி முழக்கத்தைக் கூட்ட வேண்டும். வழியின் நீளத்தை முப்பத்தாறு ஹெர்ட்ஸ் சுருதியில் முழங்கும்படி மூன்று இரவு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். கணக்கில் பிழை இல்லை. வீட்டு வாசலில் சோதித்தபோது பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டியின் மூடி எழும்பி எழும்பி விழுந்தது.

பிறகு இங்கே என்ன கேடு?

"பேட்டரி?" என்றாள்.

"பதினாலு புள்ளி ரெண்டு வோல்ட் காட்டுது. ஒயர் எல்லாம் பார்த்துட்டேன்" என்றான் சொசாயா, அவள் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு.

"அண்ணே, அன்னிக்கு வாசல்ல போட்ட அதே பாட்டைப் போடு."

அவன் முன் சீட்டில் உட்கார்ந்து பாட்டைப் போட்டான். அவள் வழக்கம்போலப் பின்னால், திறந்த டிக்கியின் முன்னால் நின்றாள். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. சட்டை படபடத்தது. அதே முழக்கம். குறையே இல்லை.

வழக்கம்போல.

அந்த இடத்தில் அவளுக்கு உறைத்தது. ஒவ்வொரு சோதனையிலும் அவள் நின்றது இங்கேதான். தோங்கா வழக்கப்படி, வளர்ந்த அண்ணனும் தங்கையும் மூடிய காருக்குள் சேர்ந்து உட்கார்ந்து பாட்டுக் கேட்பதில்லை. அவன் உள்ளே இருந்து சத்தத்தைக் கூட்டுவான். அவள் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே நின்று கேட்பாள். மூடிய காருக்குள் அந்தப் பெட்டி எப்படிப் பேசும் என்று அவள் ஒரு நாளும் கேட்டதே இல்லை. ஆனால் போட்டியில் எல்லாக் கதவும் மூடியிருக்க வேண்டும். மீட்டர் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்.

"அண்ணே, நீ கொஞ்சம் இறங்கு. சாவியை அதுலயே விடு."

அவன் இறங்கிப்போய் வேலி ஓரமாக நின்றுகொண்டான்.

அவள் டிக்கியை அறைந்து மூடிவிட்டு உள்ளே உட்கார்ந்து அதே பாட்டைப் போட்டாள். முழக்கம் எங்கோ போர்வைக்குள் இருந்து வந்தது. அதோடு 'புஸ், புஸ்' என்று ஒரு சத்தம். குழாயின் வாயைக் கையால் பொத்தினால் காற்று பிதுங்குமே, அந்தச் சத்தம்.

இறங்கி ஓடிப்போய் டேப்பை எடுத்து அளந்தாள். டிக்கிக் கதவின் உள்பக்கத்துக்கும் பெட்டியின் முகத்துக்கும் இடையே இரண்டு சென்டிமீட்டர். இடைவெளியே இல்லாமல் பொருத்திவிட்டோம் என்று வியாழக்கிழமை முழுக்கப் பெருமைப்பட்டிருந்தாள். காற்று வழியின் வாய் நேராகப் போய்க் கதவில் முட்டிக்கொண்டு நின்றது.

பெனி கடிகாரத்தைக் காட்டினான். "இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம். பின் சீட்டை மடக்கிப் பெட்டியை முன்னால தள்ளிக்கயேன்?"

"மடக்கினா வேற பிரிவுல போட்டுடுவாங்க. அப்புறம் உங்க சவாலுக்கு அது கணக்கில்லைம்பீங்க."

"ஆமா, சொல்வேன்" என்றான் பெனி.

திருப்பி வைக்கவும் முடியாது. பெட்டி அந்த ஒரு கோலத்தில் மட்டுமே டிக்கிக்குள் போகும். மிச்சம் ஒரே வழிதான். முன்னால் அடைபட்ட வாயை மேல்பக்கமாகத் திறந்துவிடுவது. காற்று வழிக்கு மேலே உள்ள பலகையைப் பதினைந்து சென்டிமீட்டர் வெட்டினால், முன் இடுக்கையும் சேர்த்து, மூச்சுவிடப் போதுமான இடம் கிடைத்துவிடும். வழியின் நீளம் குறைவதால் சுருதி மேலே ஏறும். அடைபட்டதில் ஏற்கெனவே கீழே இறங்கியிருக்கும். இரண்டும் எங்கே சமன் ஆகும் என்பது வெட்டிய பிறகுதான் தெரியும். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

"ஹெனரே, உன் வண்டியில ஜிக்சா ரம்பம் இருக்கா?"

"எதுக்கு? ஜன்னல் வைக்கப் போறியா?"

"இருக்கா, இல்லையா?"

அவன் கொண்டுவந்து கொடுத்தான். "பிளேடு புதுசு. உடைச்சுடாதே."

மேல்பலகையில் சாம்பல் நிறத் துணி ஒட்டி, ஓரங்களை இழைத்து இழைத்து வழவழப்பாக்கியிருந்தாள். பென்சிலால் கோடு கிழித்தாள். துளை போட்டு ரம்பத்தை இறக்கினாள். துணி பிய்ந்து நூல் நூலாக வந்தது. மரத்தூள் டிக்கி முழுக்கப் பறந்தது. கடைசி மூலையில் ரம்பம் இழுத்துக்கொண்டு போய்க் கோடு கோணலாகிவிட்டது. தொழிற்சாலையில் இப்படி ஒரு வெட்டு வெட்டியிருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். ஒரு துணியை உள்ளே விட்டுத் தூளை வழித்தெடுத்து, டிக்கியை மூடிவிட்டுக் காருக்குள் உட்கார்ந்தாள்.

போனில் ஒவ்வொரு சுருதியாக வைத்துக் கேட்டாள். முப்பத்தாறில் மந்தம். முப்பத்தெட்டில் கொஞ்சம் உயிர் வந்தது. நாற்பத்தொன்றில் கண்ணாடி ஆட்டம் கண்டது, மூக்கு நுனி கூசியது. 'புஸ்' சத்தம் போயே போய்விட்டது.

"நாற்பத்தொண்ணு" என்று வேலியைப் பார்த்துக் கத்தினாள். "அண்ணே, நாற்பத்தொண்ணுல நிறுத்து. மேலேயும் போகாதே, கீழேயும் வராதே."

சொசாயா வந்து உட்கார்ந்தான். அவள் இறங்கி நின்றாள். மீட்டர்காரர் கையை உயர்த்தி, இறக்கினார்.

நம்பர் பிளேட் கடகடவென்று அடித்துக்கொண்டது. கூரையின் தகரம் அலையலையாக நெளிவது வெளியே நின்றவர்களுக்கே தெரிந்தது.

137.9.

ஹெனரேதான் முதலில் டிக்கியைத் திறந்து குனிந்து பார்த்தான். கோணல் வெட்டின் மேல் விரலை ஓட்டினான். "ஆடு மேஞ்ச மாதிரி இருக்கு."

"இருக்கட்டும்."

"அரை டெசிபல்தானே?"

"அரை டெசிபல்தான்" என்று அவளும் ஒப்புக்கொண்டு ஜிக்சாவைத் துடைத்து அவனிடம் நீட்டினாள். அவன் பிளேடைத் தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டான்.

பெனி மீட்டர்காரரின் தாளை வாங்கி இரண்டு முறை படித்தான். பிறகு தொண்டையைக் கனைத்தான். "சரி. சொன்னா சொன்னதுதான். நாலு காரும் உன்னுது. ஆனா நாலு பெட்டியும் இப்படித்தான் கடிச்சு வச்ச மாதிரி வருமா?"

"வராது. திங்கட்கிழமை நாலு வண்டியையும் தொழிற்சாலைப் பின்வாசலுக்குக் கொண்டு வாங்க. சாவியைக் குடுத்துட்டு ஓட்டறவங்க எல்லாரும் வெளியே நிக்கணும். உள்ளே நான் தனியா உட்கார்ந்து கேட்பேன்."

"என் வண்டிலயுமா?"

"உங்க வண்டிதான் முதல்ல."

பெனி தலையைச் சொறிந்தான். சொசாயா எப்போதோ நழுவி சாசேஜ் வரிசையில் போய் நின்றிருந்தான். அங்கிருந்தபடியே அவளைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினான், உனக்கும் சேர்த்து வாங்குகிறேன் என்று.