சுசீலாபாய் பேரில் வந்த துண்டுச்சீட்டு

ஞானசிகாமணி பொய் சொல்லத் தெரியாத மனுஷன். சரோஜத்துக்கு அதுதான் தொல்லை.

கல்யாணமான புதிதில் அவள் விளையாட்டாகக் கேட்டாள். "ஒங்களுக்கு மொதல்ல பாத்த பொண்ணு ஆரு?"

"மார்த்தாண்டத்துல சுசீலாபாய்னு ஒரு டீச்சர். நகைப் பேச்சில முறிஞ்சு போச்சு. அவளுக்க எழுத்து முத்துக் கோத்தாப்புல இருக்கும்" என்று சொல்லிவிட்டான்.

திருவனந்தபுரம் ஆரியசாலை மிளகாய் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். பெண் பார்க்கப் போன இடத்திலும் எழுத்தைத்தான் பார்த்திருக்கிறான். ஆனால் அந்த முத்து சரோஜத்தின் தொண்டையில் சிக்கியது சிக்கியதுதான். பத்து வருஷமாகியும் இறங்கவில்லை.

போதாக்குறைக்கு 1972-இல் அந்த டீச்சர் திருவனந்தபுரம் பக்கமே மாற்றலாகி வந்தாள். பொன்முடி மலையடிவாரத்தில் பள்ளிக்கூடம். இன்னும் கல்யாணமாகவில்லை. சனிக்கிழமை பஸ் பிடித்துச் சித்தி வீட்டுக்கு வருவாள். ஞாயிற்றுக்கிழமை கஞ்சி போட்ட வாயில் துணிச் சேலையில் சரோஜம் போகும் அதே வேதக்கோவிலில் வந்து உட்காருவாள். அதையும் பொறுத்துக்கொள்ளலாம். தளவாய் அண்ணாச்சி நடத்த, சரோஜம் சேர்ந்திருந்த ஏலச்சீட்டிலும் அவள் பேர் இருந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

இருபது பேர், மாதம் நூற்றைம்பது, மூவாயிரம் ரூபாய்ச் சீட்டு. பணம் அவசரமானவர்கள் மூவாயிரத்தில் இவ்வளவு விட்டுத் தருகிறேன் என்று ஏலத்தில் தள்ளிக் கேட்பார்கள். அதிகம் தள்ளுகிறவருக்குச் சீட்டு. தள்ளின தொகையில் அண்ணாச்சியின் கமிஷன் போக மிச்சம் இருபது பேருக்கும் வீதப்பலிசையாகப் பிரியும்.

ஒவ்வொரு மாதமும் ஏலம் முடிந்ததும் சரோஜம் அண்ணாச்சியிடம் கேட்பாள். "அந்த டீச்சர் எதும் கேட்டாளா?"

"இல்லை தாயி. அவுகளுக்கு இப்பம் அவசரமில்ல."

"எப்பம் அவசரம்னு சொன்னாளா?"

அண்ணாச்சி சிரிப்பார். அந்தச் சிரிப்பை அவள் அப்போது கவனிக்கவில்லை.

மூன்றாம் மாதம் சரோஜத்துக்கே அவசரம் வந்தது. குடியிருந்தது மிளகாய்க் கிட்டங்கிக்குப் பின்னால் ஒற்றை அறை. மூட்டை பிரிக்கும் நாளெல்லாம் ஆறு வயது மகள் விடாமல் இருமினாள். கரமனையில் ஒரு வீடு அமைந்தது. இரண்டு அறை, சொந்தக் கிணறு. ஒன்றாம் தேதிக்குள் இரண்டாயிரத்து ஐந்நூறு முன்பணம் கொடுத்தால் வீடு. இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு.

"முந்நூறு வரை தள்ளு. அதுக்கு மேல ஏறாண்டாம்" என்று சொல்லித்தான் ஞானசிகாமணி அனுப்பினான்.

ஏலம் ஆரியசாலையில் அண்ணாச்சியின் கடை மச்சில் நடந்தது. சரோஜம் முந்நூறு என்றாள். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. அண்ணாச்சி இரண்டு தரம் சொல்லிவிட்டு, ஏதோ ஞாபகம் வந்தவர்போலச் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை எடுத்தார்.

"சுசீலாபாய் டீச்சர் குடுத்தனுப்பியிருக்காக. நானூறு. அவுக சொன்ன எல்லை வரைக்கும் நான் கேக்கணும்."

சரோஜத்துக்குக் காது சூடேறியது. வீடு, கிணறு, மகளின் இருமல் எல்லாம் பின்னால் போய்விட்டன. வாயில் சேலை மட்டும் கண்முன் நின்றது.

"நானூத்தைம்பது!"

"டீச்சர் ஐந்நூறு."

"அறுநூறு!"

பக்கத்தில் இருந்த வடிவம்மாள் அவள் முந்தானையை இழுத்தாள். "எட்டி, பிராந்து பிடிச்சிருக்கா? உட்காரு."

சரோஜம் உட்காரவில்லை. தொள்ளாயிரத்தில் அண்ணாச்சி துண்டுச்சீட்டை மடித்துப் பையில் வைத்தார். "தாயிக்குத்தான் சீட்டு."

இறங்கி வரும்போது அவளுக்கு ஜெயித்த மிதப்பு இருந்தது. கடைசிப் படியில்தான் கணக்கு உறைத்தது. கைக்கு வருவது இரண்டாயிரத்து நூறு, முன்பணத்துக்கு நானூறு குறைவு. இன்னும் பதினேழு மாதம் அடைக்க வேண்டும்.

"என்ன ஆச்சு?" என்று ஞானசிகாமணி கேட்டதற்கு, "போட்டி கூடிப் போச்சு" என்று மட்டும் சொன்னாள். யாருடைய போட்டி என்று சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது சுசீலாபாயே சிரித்துக்கொண்டு எதிரே வந்தாள்.

"அக்கா, ஒங்க புண்ணியத்துல இந்த மாசம் வீதப்பலிசை முப்பத்தேழரை ரூபா. இதுவரை இவ்வளவு கிட்டினதே இல்ல."

தன் ரத்தத்தில் அவளுக்கு முப்பத்தேழரை ரூபாயா! "நீ சீட்டெழுதி அனுப்பி ஏத்திவிட்டா கிட்டாதா பின்ன?" என்று சரோஜம் வெடித்தாள்.

"எந்தச் சீட்டு? நான் கேக்கவே இல்லியே. கடைசி மாசம் எடுத்து தம்பிக்குக் காலேஜுக்குக் கட்டலாம்னு இருக்கேன். தளவாய் அண்ணாச்சிகிட்டயும் சொல்லியிருக்கேனே."

சரோஜம் வீட்டுக்குப் போகவில்லை. வேதப்புத்தகமும் கையுமாக நேரே அண்ணாச்சியின் கடைக்கு நடந்தாள். பொய்ச்சீட்டா வாசித்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் அசையவில்லை.

"தாயி, ஒன் வாயால கேட்டே. நான் ஒன் வாயைப் பிடிச்சு இழுத்தனா? கையெழுத்துப் போட்டுப் பணமும் வாங்கியாச்சு. தள்ளு ஏறினா எல்லாருக்கும் சந்தோசம். அடுத்த சீட்டுக்கும் ஆள் சேரும்."

அன்று சாயங்காலம் அவள் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். முத்து, சேலை, மாதாமாதம் அண்ணாச்சியிடம் விசாரித்தது, எதையும் விடவில்லை. ஞானசிகாமணி பாயை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தான்.

"நீ அவர்கிட்ட மாசாமாசம் கேட்டேல்லா, அப்பமே அவருக்குத் தூண்டில்ல புழு கிட்டியாச்சு" என்றான். "கேளு. ஏறினது ஒனக்க தப்பு. மாசத் தவணையை நாம அடைச்சே தீரணும், அதுல மாத்தமில்ல. பொய்ச்சீட்டு வாசிச்சது அவருக்க தப்பு. அதைக் கேக்க சீட்டு ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் இருக்கு. நாம செய்த தப்புக்காக அவர் செய்ததை விட்டுரப்பிடாது. ஆனா டீச்சர் எழுதித் தரணும். நான் போய்க் கேக்கட்டா?"

"வேண்டாம்!" சரோஜம் துள்ளி எழுந்தாள். "நானே போறேன்."

சுசீலாபாய் அன்றைக்குக் கிளம்பவில்லை; சித்தி வீட்டில் விடிகாலை பஸ்ஸுக்காகப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "எனக்க பேரை வச்சா கள்ள ஏலம் விளிச்சது?" என்று பேனாவை எடுத்தவள், ஒரு கணம் நிமிர்ந்தாள்.

"ஒண்ணு மட்டும் மனசிலாகல அக்கா. எதுக்கு தொள்ளாயிரம் வரைக்கும் ஏறினிய?"

சரோஜம் தரையைப் பார்த்தாள். "ஒனக்க பேரைச் சொன்னாரு. அதுக்குத்தான்." பிறகு, "எனக்க வீட்டுக்காரர் மொதல்ல ஒன்னையாக்கும் பாக்க வந்தது" என்றாள்.

டீச்சர் யோசித்தாள். "ஓ, அந்த மண்டிக்காரரா? எத்தனையோ பேர் வந்தாவ, பக்கடா தின்னாவ, போனாவ. எனக்கு அவரு மொகம்கூட ஓர்மையில்ல அக்கா."

சரோஜத்துக்கு ஆறுதலாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் சுருக்கென்று கோபம் வந்தது. எனக்க மாப்பிள்ளை மொகம் அப்படி மறந்து போற மொகமா?

மனு மலையாளத்தில் இரண்டு பக்கம் வந்தது. சரோஜத்துக்குப் பேச வரும், எழுத வராது. எழுதியதை டீச்சர் வாசித்துக் காட்ட, இருவரும் கையெழுத்திட்டார்கள். வியாழக்கிழமை சரோஜம் அதை ஆபீசில் கொடுத்தாள். சனிக்கிழமை அண்ணாச்சி கிட்டங்கிச் சந்துக்குள் வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"தாயி, முந்நூறுக்கு மேல நீ தள்ளின அறுநூறு இந்தா இருக்கு, என் கைக்காசு. மனுவை மட்டும் திரும்ப வாங்கிரு."

சரோஜம் பணத்தை எண்ணி வாங்கினாள். மாதத் தவணை நூற்றைம்பதை முன்கூட்டியே எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நான் அடைக்கவேண்டியது இது. ரசீது எழுதுங்க அண்ணாச்சி. மனுவுல ரெண்டு கையெழுத்து இருக்கு. நான் ஒருத்தி போய் வாங்க முடியாது. வடிவம்மா மதினிக்கும் சீட்டு எடுக்க இருக்குல்லா, அவ ஏலத்துல எந்தத் துண்டுச்சீட்டு வரும்னு ஆரு கண்டா?"

அண்ணாச்சி ரசீது எழுதினார்.

ஒன்றாம் தேதி கரமனை வீட்டில் பால் காய்ச்சினார்கள். மகள் கிணற்றடியை விட்டு வரவில்லை. பெட்டியை அடுக்கும்போது டீச்சர் எழுதிய மனுவின் நகல் ஞானசிகாமணியின் கையில் கிடைத்தது. அவன் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முதல் பக்கம் பார்த்தான். இரண்டாம் பக்கம் பார்த்தான். திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தான்.

சரோஜம் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டாள்.

"எப்படி இருக்கு, எழுத்து?"

அவன் தலை தூக்கி மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"சுமாராத்தான் இருக்கு. முந்தி மாதிரி இல்ல."

பச்சைப் பொய். அவன் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. சரோஜம் பால் தம்ளரை அவன் கையில் வைத்து, இன்னொரு கரண்டி சீனியைத் தூக்கலாகப் போட்டாள்.