காலி டப்பாவின் மூச்சு

வார்டு நர்ஸ் பதினொரு மணிக்கே பட்டறைக்கு வந்து நின்றார். குறைமாதக் குழந்தைகளின் மூக்கடியில் ஒட்டுவதற்கு இருபது சென்சார்களை அவர் இன்று வாங்கிப் போக வேண்டும். நகத்தளவு பிளாஸ்டிக் துண்டு, சுருட்டினால் சுருளும். அதன்மேல் வெள்ளி மையில் அச்சடித்த இரண்டு சீப்புகள், பல்லோடு பல் கோத்தபடி. மூச்சின் ஈரம் பட்டால் திரையில் கோடு ஏறும், காய்ந்தால் இறங்கும். இருபது வினாடி ஏறாமல் கிடந்தால் அலாரம் அடிக்கும்.

அந்த வடிவத்தை வரைந்தது அக்கா, அச்சடித்தது தம்பி. அச்சடித்த அதே வாரத்தில் தம்பி போய்விட்டான். பிறந்ததிலிருந்து கூடவே இருந்த மூச்சிழுப்பு, அவள் பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தபோது அவனைக் கொண்டுபோய்விட்டது. ஒரு சத்தம் கேட்டிருந்தால் எழுந்திருப்பாளே! நான்கு மாதமாக இந்த ஒரு நினைப்புதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

நர்ஸ் திரையைப் பார்த்தார். "இது எந்தக் குழந்தை? மூச்சு கொஞ்சம் இழுக்குதே."

"குழந்தையெல்லாம் இல்லீங்க. அது காலி டப்பா."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. காற்றுப் புகாத டப்பா, உள்ளே ஈரம் உறிஞ்சும் மணிகள், நடுவில் ஒரே ஒரு சென்சார். கோடு ஆடாமல் அசையாமல் கிடக்க வேண்டும். அதுவோ இரண்டு குட்டி ஏற்றம், ஒரு நிறுத்தம், பிறகு நீளமாய் ஓர் இறக்கம் என்று போய்க்கொண்டே இருந்தது. முப்பது வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட மூச்சு அவளுக்குத் தெரியாதா?

பேயாவது பிசாசாவது என்று ஒயரை மாற்றினாள், டப்பாவை மாற்றினாள். கோடு மாறவில்லை.

தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மேல்பூச்சு போடுவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் வாயால் ஊதிப் பார்ப்பான். "மெஷின் இருக்குடா, அதுல வெச்சுப் பாரு" என்று படித்துப் படித்துச் சொல்வாள். "வாய் இருக்கறப்ப மெஷின் எதுக்குக்கா?" என்பான். அந்த ஈரம் பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். சரி, மாட்டிக்கொண்ட ஈரம் கோட்டைத் தூக்கும். மூச்சு விடுமா?

மற்ற பத்தொன்பதையும் டப்பாவில் வைத்து மாட்டினாள். இருபது கோடுகளும் ஒன்றாக ஏறின, ஒன்றாக நின்றன, ஒன்றாக இறங்கின. அவளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாகவும் இருந்தது.

"இது என் தம்பி மூச்சுங்க" என்றாள்.

நர்ஸ் சிரிக்கவில்லை. "எங்க குழந்தை ஒண்ணு மூச்சை நிறுத்திடுச்சுன்னா இது என்ன காட்டும்?"

"இதையேதான் காட்டும்."

"அலாரம்?"

"அடிக்காது."

நூறு டிகிரியில் சுட்டால் ஈரம் போய்விடும். அவளுக்கு அது தெரியும். ஒன்றே ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள்? ஒரு துண்டை எடுத்தேவிட்டாள். பை வரைக்கும் கை போனது. பெயர்கூட வைக்காத குழந்தை ஒன்று அதை ஒட்டிக்கொண்டு சத்தமில்லாமல் போவது கண்முன் வந்தது. இருபதையும் ஒயரோடு மின்னடுப்பில் அடுக்கிக் கதவைச் சாத்தினாள்.

ஸ்டூலில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். சூடு ஏற ஏறக் கோடுகள் ஒவ்வொன்றாய்ப் படுத்தன. பத்தொன்பது படுத்தாயிற்று; இருபதும் ஒரே அலாரத்தில் மாட்டியிருந்ததால், கடைசிக் கோடும் படுத்தால்தான் அது அடிக்கும். கடைசி ஒன்று மட்டும் இரண்டு குட்டி ஏற்றம் ஏறி, அப்படியே நின்றது. இறங்கவே இல்லை. சின்ன வயதில் மருந்து குடிக்க மாட்டேன் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பானே, அதே பிடிவாதம்.

"போதும்டா" என்றாள். "விடு."

கோடு நீளமாக, மெதுவாக இறங்கிப் படுத்தது.

இருபது வினாடி கழித்து அலாரம் அடித்தது. அணைக்கப் போன நர்ஸின் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

இந்த முறை சத்தம் கேட்டு அக்கா எழுந்து நின்றாள்.