சரஸ்வதியின் முன்னால் ஆறு குழாய்கள்

ஃப்ரிட்ஜின் ஐஸ் அறை காலியாக இருந்தது. ஆராய்ச்சி மாணவி விஜயலக்ஷ்மி கதவைத் திறந்து பிடித்தபடியே கூப்பிட்டாள்.

"தனபாலா! என் குழாயெல்லாம் எங்கே?"

அட்டெண்டர் தனபாலன் கையிலிருந்த பொரியை வாயில் போடாமல் நின்றான். "பூஜை மேசைலதாம்மா கீது."

தாவரவியல் துறையின் முன்கூடத்தில் சரஸ்வதி படம். அதன் முன்னால் புத்தகங்கள், மைக்ராஸ்கோப், வாடிய கதம்பம். நடுவில், தாங்கியோடு, அவளுடைய ஆறு கண்ணாடிக் குழாய்கள். ஒவ்வொரு மூடியிலும் சந்தனம், குங்குமம். தொட்டுப் பார்த்தாள். கதகதவென்றிருந்தது.

"யார் எடுத்து வெச்சா?"

"அய்யாதாம்மா. இதான் நம்ம டிபார்ட்மெண்ட் பொக்கிஷம்னு அவர் கையாலயே எடுத்தாரு. விஜயதசமி முடியற வரைக்கும் எவனும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் பூட்டிக்கினு போய்ட்டாரு."

போன மழைக்காலம் முழுக்க மயிலாப்பூர் வீட்டுக் கிணற்றடிச் சுவரில் சுரண்டிய, பொடி இலைகள் கொண்ட பாசி அது. அரைத்து, வடித்து, அதிலிருந்து ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைப் பிரித்து உறைய வைத்திருந்தாள். உயிரணுவில் புரதம் தயாராகும் இடம் ரைபோசோம். அதற்கான மரபணு கோடிக்கணக்கான ஆண்டுகளில் கொஞ்சம்தான் மாறுகிறது. பாசியின் ஆர்.என்.ஏ. பெரணியின் டி.என்.ஏ.வோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்த்தால், தண்ணீரை விட்டுத் தரையேறிய முதல் செடிகளுக்குள் யாருக்கு யார் நெருங்கிய உறவு என்று தெரியும். ஜனவரியில் டெல்லி மாநாட்டில் அவள் சொல்ல வேண்டிய பதில் அது. ஆனால் ஆர்.என்.ஏ. சூடு தாங்காது.

மதியம் வரை சோதித்தாள். ஆறு குழாயிலும் ஆர்.என்.ஏ. சிதைந்து கிடந்தது.

தாங்கியைத் தூக்கிக்கொண்டு துறைத் தலைவர் பேராசிரியர் ராஜகோபாலன் அறைக்குள் போனாள். கதவைத் தட்டவில்லை.

"எல்லாம் போயிடுத்து சார்."

"என்னம்மா போயிடுத்து? அப்படியேதானே இருக்கு?"

"மெட்ராஸ் சூட்டுல ரெண்டு நாள் வெளில வெச்சா என்ன மிஞ்சும்? என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

"நீ கொலுவுக்குன்னு சீக்கிரமே ஆத்துக்குப் போயிட்டே. நல்ல காரியம்தானே பண்ணினேன்? அம்பாள் முன்னாடி வெச்சது கெடுமா?"

"அப்போ உங்காத்துப் பாலை வெச்சிருக்கலாமே!"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கத்தாதே. இப்போ என்ன, பாசிக்கும் பெரணிக்கும் எவ்வளவு ஒட்டும்னு நமக்கே ஒரு உத்தேசம் இருக்கு. அதைப் போட்டு அனுப்பு. டெல்லியில யார் வந்து குழாயைத் திறந்து பாக்கப்போறா?"

அதுவரை அழுகை வந்துவிடுமோ என்று பயந்திருந்தாள். இப்போது அந்தப் பயம் போய்விட்டது.

"நான் பொய் எழுத மாட்டேன்."

"டெல்லிக்குப் போக வேண்டாமா? துறையோட மானம் என்ன ஆறது?"

"போறேன் சார். மேடையில ஏறி, பதில் இல்லைன்னு சொல்றேன். ஏன் இல்லைன்னும் சொல்றேன். சந்தனப் பொட்டு உள்பட."

"என்னை மிரட்டறியா?"

"ஆமாம்." தாங்கியை அவர் மேசையில் வைத்தாள். "இது உங்களுக்கு. பிரசாதம்."

வெளியே வந்தவள் கட்டடத்தின் பின்சுவரைப் பார்த்தாள். மழை இன்னும் வரவில்லை. அதே ஜாதிப் பாசி இங்கேயும் கறுத்துச் சுருண்டு செத்தது போல ஒட்டிக்கொண்டிருந்தது. படியருகே இரண்டு வாளித் தண்ணீர்.

"அது அய்யா காரைக் கழுவ வெச்சதும்மா!" என்று தனபாலன் ஓடி வந்தான். "தண்ணிக்கு நாயா அலஞ்சு புடிச்சேன்!"

"கார் இன்னிக்குப் பொட்டோடயே நிக்கட்டும்."

முதல் வாளியைச் சுவரில் வீசினாள். இரண்டாவதையும் வீசினாள். புடவையெல்லாம் நனைந்தது. மாடி ஜன்னலில் ராஜகோபாலன் தலை நீட்டி ஏதோ கத்தினார். அவள் நிமிரவில்லை. சுருண்டு கிடந்த இலைகள் ஒவ்வொன்றாக விரிந்து பச்சையாகிக்கொண்டிருந்தன.

"தனபாலா, இதைச் சுரண்டி மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கப்போறேன். அந்த ஐஸ் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கிண்டு வா. சாவி என்கிட்ட மட்டும்."